நூற்பெயரும் ஆறாம் வேற்றுமையும்: மேற்கோள்குறி எங்கே முடிதல் வேண்டும்?

ஸம்ப்ரதாய க்ரந்தங்களைப் பதிப்பிப்போரும் அவற்றைக் குறித்துக் கட்டுரை வரைவோரும் நூலின் பெயரை மேற்கோள்குறிக்குள் இடுவது இன்று பெருவழக்காகியுள்ளது. அப்பெயர் எழுவாயாக நிற்குமளவும் இடையூறு ஒன்றுமில்லை. வேற்றுமை உருபு வந்து சேருங்கால் குழப்பம் தொடங்குகிறது. மிகுதியும் பயில்வது ஆறாம் வேற்றுமையாதலால் குழப்பமும் அங்கேதான் மிகுதி. ‘திருவாய்மொழி’யின் என்று ஓரிடத்தும், ‘திருவாய்மொழியின்’ என்று மற்றோரிடத்தும், ‘திருவாய்மொழி’ இன் என்று வேறோரிடத்தும் ஒரே கட்டுரையில் மூவகையாக அச்சாவதைக் காணலாம். அச்சுத் திருத்துவோர் பார்த்துக்கொள்ள வேண்டிய அற்ப விஷயம் என்று இதனைப் பலர் ஒதுக்குவர். இது ஒதுக்கத்தக்கதன்று என்பதும், உருபு குறிக்குப் புறத்தே நிற்பதே முறை என்பதும், அங்ஙனம் நிறுத்த இயலாத இடங்களில் செய்யத்தக்கது இன்னது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

முதற்கண் மேற்கோள்குறி செய்யும் தொழில் யாது என்று காண வேண்டும். ஏட்டுச் சுவடிகளில் இக்குறி இல்லை. மெய்யெழுத்துக்குரிய புள்ளியையே பெரும்பாலும் இடாது எழுதிய காலம் அது. எனினும் பிறர் சொல்லையும் தம் சொல்லையும் பிரித்துக் காட்டும் உபாயம் பூர்வர்களுக்கு இல்லாமற் போகவில்லை. தமிழில் ‘என்று’, ‘என்கிற’, ‘என்கிறது’ என்பனவும், வடமொழியில் ‘இதி’, ‘இத்யாதி’ என்பனவும் அத்தொழிலைச் செய்தன. காலக்ஷேப கோஷ்டியில் ஆசார்யனுடைய குரலே மூலத்தையும் உரையையும் வேறுபடுத்திக் காட்டிற்று. அச்சு வந்தபின், குரல் நின்ற இடத்தில் அடைப்புக்குறியும் தடித்த எழுத்தும் மேற்கோள்குறியும் வந்து நின்றன. ஆகவே இக்குறி அலங்காரமாக வந்ததன்று. ‘இதி’ சப்தத்தின் ஸ்தானத்தில் நிற்கும் அதிகாரி அது. தனக்குள் இருப்பது பிறர் சொல், புறத்தே இருப்பது எழுதுவோர் சொல் என்று எல்லை வகுப்பதே அதன் க்ருத்யம்.

இவ்வெல்லையை வையாகரணர் நன்கு அறிந்திருந்தனர். இலக்கண சாஸ்த்ரத்தில் ஒரு சொல் தன் பொருளைக் குறியாமல் தன் வடிவத்தையே குறிக்கும் என்று பாணினி முதல் அத்தியாயத்தில் (1.1.68) விதித்தார். ஒரு சொல்லை அச்சொல்லாகவே எடுத்துச் சொல்லுதற்கு அவர்கள் இட்ட பெயர் அநுகரணம். நூலின் பெயரை மேற்கோள்குறிக்குள் இடுவதும் ஒருவகை அநுகரணமே. அநுகரிக்கப்பட்டது ஒன்று, அநுகரிப்பவர் அதனைத் தம் வாக்கியத்தில் பொருத்துவதற்காகச் சேர்க்கும் விபக்தி மற்றொன்று. இரண்டும் ஒரு சொல்லாய் ஒலித்தாலும் அவற்றின் கர்த்தா ஒருவரல்லர்.

இனி ஆறாம் வேற்றுமையின் இயல்பு. தமிழிலக்கணத்தில் இதற்குரிய உருபு ‘அது’ என்று தொல்காப்பியம் கூறும். ‘அது, ஆது, அ’ என்று நன்னூல் விரிக்கும். இக்காலத்தார் ஆறாம் வேற்றுமையாக வழங்கும் ‘இன்’ ஐந்தாம் வேற்றுமைக்கு உரிய உருபாகவும், சாரியையாகவும் அந்நூல்களில் நிற்பது. ஆகவே “திருவாய்மொழியின் பாசுரம்” என்பதில் சாரியை நிற்க உருபு தொக்கது என்று கொள்வதே மரபுக்கு இயைந்தது. வ்யாக்யாதாக்கள் மிகுதியும் கையாண்ட ‘உடைய’ என்பது சொல்லுருபு. எவ்வாறாயினும் இவை யாவும் பெயரின் பகுதியல்ல. பெயருக்கும் அடுத்து வரும் சொல்லுக்கும் உள்ள கிழமையை உணர்த்த, வாக்கியம் அமைப்பவர் சேர்ப்பவை. பாசுரம் ‘திருவாய்மொழி’யின் அங்கமாதலால் அது தற்கிழமை. வ்யாக்யானம் அதனின் வேறாய் அதனைச் சார்ந்து நிற்பதாதலால் அது பிறிதின்கிழமை. எக்கிழமை என்று தீர்மானிப்பவர் எழுதுபவரே, நம்மாழ்வார் அல்லர்.

ஒரு விபக்தியின் பொருட்டு இத்தனை விசாரம் வேண்டுமோ என்னில், வேண்டும் என்பதற்கு ஸம்ப்ரதாயமே சான்று. ப்ரணவத்தில் அகாரத்தின்மேல் நான்காம் வேற்றுமை மறைந்து நிற்கிறது என்பதைக் கொண்டே ஜீவாத்மாவின் சேஷத்வம் ஸ்தாபிக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத உருபுக்கு லுப்த சதுர்த்தி என்று பெயரிட்டு, அதன்மேல் ஸ்வரூபத்தையே நிறுத்தினர் ஆசார்யர்கள். நாராயண பதத்தின்மேல் வெளிப்படையாக நிற்கும் சதுர்த்தியோ கைங்கர்ய ப்ரார்த்தனையைச் சொல்லுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள நமஸ்ஸில் ஆறாம் வேற்றுமையே வந்து நிற்கிறது. அதனை நகாரம் என்றும் மகாரம் என்றும் இரண்டாகப் பிரித்து, மகாரத்தின்மேல் ஏறிய ஷஷ்டி ‘தனக்குத் தான் உரியன்’ என்னும் அபிமானத்தைச் சொல்ல, நகாரம் அதனை நிஷேதிக்கிறது என்று பிள்ளைலோகாசார்யர் ‘முமுக்ஷுப்படி’யில் விவரித்தருளினார். வேதாந்த தேசிகனும் ‘ரஹஸ்யத்ரயஸாரம்’ என்னும் நூலில் இப்பதத்தைப் பிரித்து அர்த்தம் அருளிச்செய்தார். ஒரு சொல் எங்கே பிரிகிறது, ஆறாம் வேற்றுமை எப்பக்கத்தைச் சேர்ந்தது என்பவற்றை அறியாதவனுக்கு நமஸ்ஸின் இவ்வர்த்தம் கைகூடாது. இப்படிப்பட்ட ஸம்ப்ரதாயத்தின் நூல்களை அச்சிடுவோர், உருபு குறிக்குள் நின்றாலும் வெளியே நின்றாலும் ஒன்றுதான் என்று கூறுவது பொருந்தாது.

இதன் விளைவு நூற்பெயரில் மட்டும் நின்றுவிடுவதும் அன்று. நூற்பெயரில் பழகிய கை மூலத்தின் ப்ரதீகத்திலும் அதனையே செய்யும். மூலத்தில் ஒரு பெயர் உருபின்றி அடுத்த சொல்லோடு தொகையாய் நிற்பதாகக் கொள்வோம். அங்கே தொக்கது இரண்டாம் வேற்றுமையா, ஆறாம் வேற்றுமையா, ஏழாம் வேற்றுமையா என்று வ்யாக்யாதாக்கள் ஆராய்ந்து இரண்டு மூன்று நிர்வாஹங்கள் அருளிச்செய்வர். அவ்விடத்தைக் கட்டுரையாளர் எடுத்துக்காட்டுங்கால், தம் வாக்கியத்துக்கு வேண்டிய ‘இன்’ என்பதைக் குறிக்குள்ளே இட்டு அச்சிட்டாரானால், மூலத்திலேயே ‘இன்’ இருந்ததாகக் கற்பவர் கொள்வர். பிற நிர்வாஹங்களுக்கு இடமே இல்லாமற் போகும். பூர்வர்கள் திறந்து வைத்த கதவை ஓர் அச்சுக்குறி அடைத்துவிடும். மூலப் புத்தகத்தைக் கையில் வைத்திராமல் மேற்கோள்களைக் கொண்டே கற்கும் இளைஞர்கள் பெருகிவரும் இக்காலத்தில் இது சிறிய அபாயமன்று.

நூற்பெயர்களிலேயும் பொருள் மயக்கத்துக்கு இடம் உண்டு. நாலாயிரத்தில் முதற்குறிப்பே பெயராய் வழங்கும் ப்ரபந்தங்கள் சில உள. திருப்பாணாழ்வார் அருளிய பத்துப் பாசுரங்களுக்கு ‘அமலனாதிபிரான்’ என்பது பெயர். அது அரங்கத்தெம்பெருமானுக்கும் திருநாமம். “அமலனாதிபிரானின் அழகு” என்று குறியின்றி எழுதினால் அது திருமேனியின் அழகா, ப்ரபந்தத்தின் அழகா என்பது தெரியாது. இரண்டும் ஸம்பாவிதமே. மதுரகவியாழ்வாரின் பதினொரு பாசுரங்களுக்குக் ‘கண்ணிநுண்சிறுத்தாம்பு’ என்பது பெயர். “கண்ணிநுண்சிறுத்தாம்பின் பெருமை” என்றால் யசோதைப் பிராட்டியின் கைக்கயிற்றின் பெருமையா, ஆழ்வாரைத் தவிர வேறொன்றறியாத மதுரகவிகளின் ப்ரபந்தத்தின் பெருமையா? ‘திருவாய்மொழி’ என்பதோ இன்னும் நுட்பமானது. 1102 பாசுரங்கள் கொண்ட முழு ப்ரபந்தத்துக்கும் அதுவே பெயர். அதனுள் அடங்கிய நூறு பதிகங்களில் ஒவ்வொன்றையும் ‘திருவாய்மொழி’ என்றே வ்யாக்யாதாக்கள் வழங்குவர். “திருவாய்மொழியின் முதற்பாசுரம்” என்றால் ப்ரபந்தத்தின் தொடக்கமா, எடுத்துக்கொண்ட பதிகத்தின் தொடக்கமா என்ற ஐயம் எழுவது இயல்பு. ப்ரபந்தத்தைக் குறிக்குமிடத்துப் பெயரைக் குறிக்குள் இட்டு உருபை வெளியே நிறுத்தியும், பதிகத்தைக் குறிக்குமிடத்துக் குறியின்றி எழுதியும் வந்தால் இவ்வையம் தீரும்.

இங்கே ஒரு பூர்வபக்ஷம் எழக்கூடும். தமிழில் உருபு தனிச்சொல் ஆகாது. பெயரும் உருபும் சேர்ந்தே ஒரு பதம். ஒரு பதத்தின் நடுவே குறியை இட்டு அதனைப் பிளப்பது தமிழின் இயல்புக்கு விரோதம். ஆகவே பதம் முழுவதையும் குறிக்குள் அடக்கி ‘திருவாய்மொழியின்’ என்று எழுதுவதே நேரிது என்பர் சிலர்.

இதற்கு ஸமாதானம் வருமாறு: பதம் ஒன்றே என்பது மெய். ஆயின் குறி பதத்தின் எல்லையைக் காட்ட வந்ததன்று. சொல்லியவர் எல்லையைக் காட்ட வந்தது. ஒரு பதத்துக்குள்ளே இருவர் சொல் கலந்து நிற்குமானால் எல்லை பதத்தின் நடுவேதான் விழும். பகுபதத்தைப் பகுதி, விகுதி, சாரியை என்று பிரித்துக் காட்டும் இலக்கணத்துக்குப் பதத்தின் நடுவே எல்லை காண்பது புதிதன்று. மேலும் ‘திருவாய்மொழியின்’ என்று ஒரு நூல் இல்லை. இல்லாத பெயரைக் குறிக்குள் இடுவது நூலின் திருநாமத்தையே மாற்றி எழுதுவதாகும். பெயரகராதி தொகுப்பவரும், கணினியில் பெயரை இட்டுத் தேடுபவரும் இதனால் படும் இடர் வேறு.

ஆயினும் இப்பூர்வபக்ஷத்தில் உண்மையின் கூறு ஒன்று உண்டு. தமிழெழுத்து அசையெழுத்து. உருபின் முதலுயிர் பெயரின் ஈற்றுமெய்யின்மேல் ஏறி ஒரே எழுத்தாகிவிடும்போது நடுவே குறியிட இடமே இல்லை. ஆகவே நூற்பெயர்களை அவற்றின் ஈறு நோக்கிப் பகுத்துக்கொள்ள வேண்டும்.

இகரத்தாலும் ஐகாரத்தாலும் முடியும் பெயர்களில் இடர் இல்லை. ‘பெரிய திருமொழி’, ‘பெரிய திருவந்தாதி’, ‘முமுக்ஷுப்படி’, ‘திருப்பாவை’, ‘உபதேசரத்தினமாலை’ என்பன போன்றவை உருபு ஏற்கும்போது திரிபதில்லை. இடையே யகர உடம்படுமெய் ஒன்றே தோன்றும். உடம்படுமெய் சந்தியினால் வருவது. பெயரைச் சேர்ந்ததன்று. எனவே அது உருபோடு வெளியே நிற்க வேண்டும்: ‘பெரிய திருமொழி’யின், ‘திருப்பாவை’யின், ‘உபதேசரத்தினமாலை’யின்.

மகர ஈற்றுப் பெயர்கள் இரண்டாம் வகை. ‘திருவிருத்தம்’, ‘திருவாசிரியம்’, ‘ஸ்ரீபாஷ்யம்’, ‘ஸ்தோத்ரரத்னம்’, ‘ஸ்ரீவசனபூஷணம்’, ‘ஆசார்ய ஹ்ருதயம்’ என்று இவ்வகையே மிகுதி. இவை மகரம் கெட்டு அத்துச் சாரியை பெறும். ‘ஸ்ரீவசனபூஷண’த்தின் என்று எழுதினால் குறிக்குள் நிற்பது குறைப்பெயர். ‘ஸ்ரீவசனபூஷணம்’த்தின் என்பது தமிழே அன்று. ‘ஸ்ரீவசனபூஷணத்தின்’ என்பதோ முன்னர்க் கூறிய குற்றத்துக்கு உட்பட்டது.

குற்றியலுகர ஈற்றுப் பெயர்களும், மகரமல்லாத மெய்யீற்றுப் பெயர்களும் மூன்றாம் வகை. ‘ஈடு’ என்பது உருபேற்கும்போது டகரம் இரட்டி ஈட்டின் என்றாகும். ‘திருப்பல்லாண்டு’ உகரம் கெட்டுத் திருப்பல்லாண்டின் என்றாகும். ‘அமலனாதிபிரான்’ என்பதில் னகரத்தின்மேல் இகரம் ஏறும். குறியை எங்கே இட்டாலும் இவற்றில் பெயர் சிதையும். ‘ஈட்’டின் என்று அச்சிட்டவர் இருப்பாரேல், வ்யாக்யானங்களில் தலையாயதன் திருநாமத்தை அவர் இரண்டு துண்டாக்கியவர் ஆவார்.

பின்னிரு வகைகளுக்கும் பரிஹாரம் யாது என்னில், அதனைப் புதிதாகத் தேட வேண்டுவதில்லை. பூர்வர்கள் கையாண்ட ‘என்கிற’ என்பதே பரிஹாரம். ‘ஸ்ரீவசனபூஷணம்’ என்னும் க்ரந்தத்தின், ‘ஈடு’ என்னும் வ்யாக்யானத்தின், ‘அமலனாதிபிரான்’ என்கிற ப்ரபந்தத்தின் என்று எழுதினால் பெயர் பெயராகவே நிற்கும். உருபு பொதுப்பெயரைச் சாரும். குறியும் தன் எல்லையில் நிற்கும். வடமொழியாளர்க்கும் வழி இதுவே. அம்மொழியில் ஷஷ்டி விபக்தி ப்ராதிபதிகத்தோடு கலந்துவிடுவதால், ‘ஆக்ய’, ‘நாமக’ என்ற சொற்களை இடையே வைத்துப் பொதுப்பெயருக்கு விபக்தியை ஏற்றுவர்; அல்லது பெயரை ப்ரதமையில் நிறுத்தி ‘இதி’ சப்தத்தால் முடிப்பர். உபயவேதாந்தத்தின் இரு மொழிகளும் ஒரே வழியைக் காட்டுகின்றன என்பது நோக்கத்தக்கது.

‘என்னும்’ என்று ஒவ்வோரிடத்தும் எழுதினால் நடை தளரும் என்பர். முதன்முறை அவ்வாறு எழுதிப் பெயரை நிலைநாட்டிய பின், ஐயத்துக்கு இடமில்லாத இடங்களில் குறியை அறவே நீக்கி ஸ்ரீவசனபூஷணத்தின், ஈட்டின் என்று எழுதலாம். குறி இல்லாத இடத்தில் பொய்யான எல்லையும் இல்லை. குறியை இட்டுப் பெயரைச் சிதைப்பதினும் குறியை விடுவது மேல்.

உருபு தொக்கு வரும் தொடர்களுக்கும் இதுவே நியாயம். ‘திருப்பாவை’ப் பாசுரங்கள் முப்பது என்னுமிடத்துப் பகரம் வருமொழியின் வல்லினம் மிக்கதனால் தோன்றியது. அதனை ‘திருப்பாவைப்’ என்று குறிக்குள் அடைப்பது வருமொழியின் எழுத்தை நூற்பெயருக்குத் தானம் செய்வதாகும். ஒற்று வெளியே தனித்து நிற்பது கண்ணுக்குப் புதிதாய்த் தோன்றலாம். பொருளுக்கு அதுவே நேர்.

குறி முடியும் இடம் மாறினால் க்ரந்தமே மாறிவிடும் இடமும் உண்டு. மணவாள மாமுனிகள் அருளிச்செய்த ‘திருவாய்மொழி நூற்றந்தாதி’க்குப் பிள்ளைலோகம் ஜீயர் வ்யாக்யானம் உண்டு. “‘திருவாய்மொழி நூற்றந்தாதி’யின் வ்யாக்யானம்” என்றால் அதுவே பொருள். “‘திருவாய்மொழி’ நூற்றந்தாதியின் வ்யாக்யானம்” என்று குறியை முன்னே முடித்துவிட்டால், ‘திருவாய்மொழி’ என்பதே பெயராகவும் நூற்றந்தாதி என்பது அதன் அடைமொழியாகவும் தோன்றும். ஆயிரத்துக்கு மேற்பட்ட பாசுரங்களின் ஸாரத்தை ஒரு திருவாய்மொழிக்கு ஒரு வெண்பாவாகத் திரட்டித் தந்த மாமுனிகளுடைய உபகாரத்தை ஒரு குறி மறைத்துவிடும்.

நூலாசிரியரோடு நூலைச் சேர்க்கும் ஆறாம் வேற்றுமையிலும் இதே அவதானம் வேண்டும். “நம்பிள்ளையின் ‘ஈடு’” என்றும் “வடக்குத் திருவீதிப்பிள்ளையின் ‘ஈடு’” என்றும் இருவகையாகவும் எழுதக் காண்கிறோம். நம்பிள்ளை காலக்ஷேபமாக அருளிச்செய்தவற்றை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தினார். ஆகவே முதல் ஷஷ்டி வக்தாவைச் சொல்லுகிறது; இரண்டாவது லேககரைச் சொல்லுகிறது. இரண்டும் தகும். எனினும் எக்கிழமையில் சொல்லப்படுகிறது என்பதை எழுதுபவர் ஓரிடத்திலேனும் விளக்கியாக வேண்டும். பிள்ளான், நஞ்சீயர், பெரியவாச்சான் பிள்ளை, வடக்குத் திருவீதிப்பிள்ளை, வாதிகேசரி அழகிய மணவாள ஜீயர் ஆகியோருள் எவர் எந்த வ்யாக்யானம் அருளினார் என்று ‘உபதேசரத்தினமாலை’யில் மாமுனிகள் தனித்தனியே பாடி வைத்தது எதற்காக? யாருடையது எது என்பது பின்னுள்ளார்க்கு மாறிப்போகக்கூடாது என்பதற்காகவே அன்றோ? க்ருதஜ்ஞதையின் இலக்கணம் ஆறாம் வேற்றுமையைச் சரியாக வழங்குவது என்று சொன்னாலும் மிகையாகாது.

குறிகளே வேண்டா, பூர்வர்களைப் போல இருந்துவிடுவோம் என்பது மற்றொரு பக்ஷம். பூர்வர்கள் குறியின்றி இருந்தது மெய். ஆனால் ‘என்கிற’ இன்றி இருக்கவில்லை, காலக்ஷேப கோஷ்டி இன்றியும் இருக்கவில்லை. ஆசார்யன் எதிரே இருந்து கேட்டவனுக்கு எது மூலம், எது உரை, எது கேட்டவன் சேர்த்தது என்பது செவியாலேயே விளங்கிற்று. அச்சுப் பக்கத்தோடு தனித்திருப்பவனுக்கு அத்துணை இல்லை. அவனுக்குத் துணையாக வந்த குறியை நீக்குவதாயின் ‘என்கிற’ என்பதையாவது முறையே திரும்பக் கொண்டுவர வேண்டும். இரண்டையும் விடுவது கூடாது.

ஆகவே இதுகாறும் கூறியவற்றால் தேறியது: நூற்பெயர் எவ்வடிவில் அதன் ஆசார்யரால் அல்லது மரபினால் இடப்பட்டதோ அவ்வடிவம் மட்டுமே குறிக்குள் நிற்க வேண்டும். திரியாத பெயராயின் உடம்படுமெய், சாரியை, உருபு, மிக்க ஒற்று யாவும் வெளியே. திரியும் பெயராயின் ‘என்னும்’ என்பதை இட்டுப் பொதுப்பெயருக்கு உருபை ஏற்றுக. ஐயமில்லாத இடமாயின் குறியை விடுக. ஒரு பத்திரிகையும் ஒரு பதிப்பகமும் இவற்றை ஒருமுறை தீர்மானித்துக்கொண்டால் அச்சுக்கோப்பவருக்குப் பின்னர் ஒரு சிரமமும் இல்லை. பூர்வர்களுடைய சொல்லில் நம் சொல் ஓரெழுத்தும் கலவாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது இதற்குப் பயன். க்ரந்தங்கள் நம்முடையவை அல்ல, நாம் அவற்றுக்கு உரியோம் என்று நமஸ்ஸின் அர்த்தத்தை அறிந்தவர்களுக்கு இவ்வளவு ஜாக்ரதை பாரமாகத் தோன்றாது.